பல்லு எத்தனை பாஸ்?

சிதம்பரம் தெற்கு வீதி. சாயங்கால டீ. ரெண்டு மெக்கானிக்கல் பசங்க பேசிக்கிற மாதிரி கற்பனை பண்ணிக்கங்க.

‘‘மச்சி, ஸ்போர்ட்ஸ் கார்ல பின் ஆக்ஸில் ரேஷியோ 4.1-ஆ இருக்கில்ல... அதைக் கழட்டிட்டு 4.56 போட்டா, வண்டி சும்மா பிச்சுக்கிட்டுப் போகும்டா!’’

‘‘அப்படியா? அப்ப கம்பெனிக்காரன் ஏன்டா அதையே போட்டுக் குடுக்கல?’’

முதல் ஆள் அவசரமா ஒரு வாய் டீ குடிக்கிறார். பதில் இல்லை!

அந்த ரெண்டாவது ஆள் கேட்டாரே, அந்தக் கேள்விக்குப் பதில் தேடத்தான் இந்தக் கட்டுரை. ‘எங்கிட்ட இருக்கறதே ஒரு செகண்ட் ஹேண்ட் பைக், ஸ்போர்ட்ஸ் காருக்கு நான் எங்க போறது?’னு பக்கத்தைப் புரட்டிடாதீங்க. இதே கணக்குதான் உங்க பைக் செயின் செட்டுக்கும். காலேஜ்ல ஃபார்முலா கார் கட்டுற டீம்ல இருந்தீங்கன்னா, இதுக்கு மார்க்கே இருக்கு. எவ்வளவுன்னு கடைசியில சொல்றேன்.

சைக்கிள்ல ஏறுங்க!

அண்ணாமலை நகர் கேம்பஸ்ல ஒரு சைக்கிளை எடுத்துக்கங்க. பெடல் பக்கம் இருக்கிற பெரிய சக்கரத்துல 44 பல், பின் சக்கர ஃப்ரீவீல்ல 18 பல்னு வச்சுக்குவோம். நீங்க ஒரு சுத்து மிதிச்சா பின் சக்கரம் 44/18, அதாவது சுமார் 2.4 சுத்து சுத்தும். ஃப்ரீவீலை மாத்தி 22 பல் போட்டா? ஒரு மிதிக்கு 2 சுத்துதான்.

என்ன ஆச்சு? மிதிக்க லேசாயிடுச்சு. ஆனா அதே வேகத்துல போகணும்னா கால் இன்னும் வேகமா சுத்தணும். கடலூர் கேப்பர் மலை ஏத்தத்துல இந்த 22 பல் உங்களுக்குத் தெய்வம். மேடே இல்லாத சிதம்பரத்து ரோட்டுல அதே 22 பல்லோட ஃப்ரெண்டைத் துரத்திப் பாருங்க... கால் மட்டும் மிக்ஸி மாதிரி சுத்தும், வண்டி நகராது.

உங்க கால்ல பலம் ஒரு சொட்டுக்கூட கூடலை, குறையலை. இதை மட்டும் மனசுல வச்சுக்கங்க. மீதியெல்லாம் இதுலேர்ந்து தானா வரும்.

ஆக்ஸிலுக்கு உள்ளே...

கார்ல எஞ்ஜின் வேகமா சுத்தும். சக்கரம் மெதுவா சுத்தணும். கியர் பாக்ஸ் ஒரு தடவை வேகத்தைக் குறைக்கும். அதுக்கப்புறம் கடைசியா ஒரு தடவை குறைக்கிற இடம்தான் பின் ஆக்ஸில். அங்க ஒரு குட்டிப் பல்சக்கரம் இருக்கும். அது பினியன். அது சுத்தி விடுற பெரிய சக்கரம் கிரவுன் வீல். கிரவுன்ல 41 பல், பினியன்ல 10 பல்னா 41/10 = 4.1. பினியன் 4.1 சுத்து சுத்தினா சக்கரம் ஒரே ஒரு சுத்து.

பல பேர் இதை டிஃபரன்ஷியல்னே சொல்லுவாங்க. ஒரே கூட்டுக்குள்ள இருந்தாலும் ரெண்டும் வேற வேற வேலை. நடராஜர் கோயில் தேர் கீழ வீதியிலேர்ந்து தெற்கு வீதிக்குத் திரும்புறதைப் பார்த்திருப்பீங்க. முட்டுக்கட்டை போட்டு, நெம்பி, எவ்வளவு பாடு! திரும்பும்போது வெளிப்பக்க சக்கரம் அதிக தூரம் போகணும், உள்பக்க சக்கரம் கம்மி தூரம். கார்ல அந்த வித்தியாசத்தைச் சமாளிக்கிறதுதான் டிஃபரன்ஷியல் வேலை. இழுவையும் வேகமும் எவ்வளவுன்னு தீர்மானிக்கிறது கிரவுன் - பினியன் வேலை. இன்னிக்கு நம்ம ஹீரோ ரெண்டாவது ஆள்.

இன்னொரு குழப்பமும் உண்டு. நம்பர் பெருசானா கியர் ‘பெருசு’ன்னு நினைச்சுடாதீங்க. 4.56-ஐத்தான் ‘ஷார்ட்’ கியர்ங்கறாங்க. ஏன்னா, ஒவ்வொரு கியரும் சீக்கிரமே முடிஞ்சு போயிடும். 3 பக்கம் போகப்போக ‘டால்’ கியர். நம்பர் பெருசு, இழுவை ஜாஸ்தி, எட்டுற வேகம் கம்மி. அவ்வளவுதான் ஃபார்முலா.

கம்பெனியே மாத்தின கதை!

டொயோட்டாவும் சுபாருவும் சேர்ந்து 2012-ல ஒரு ஸ்போர்ட்ஸ் காரைக் கொண்டு வந்தாங்க. டொயோட்டா 86, சுபாரு பி.ஆர்.இஸட். 2000 சிசி எஞ்ஜின், பின் சக்கர இழுவை. மேனுவல் வண்டியில ஆக்ஸில் ரேஷியோ 4.1. ‘கார் வளைவுல சூப்பர், ஆனா நடு ஆர்.பி.எம்-ல எஞ்ஜின் கொஞ்சம் தூங்குது’ன்னு புலம்பல் வந்தது. 2017 மாடல்ல கம்பெனியே மேனுவல் வண்டிக்கு 4.3 போட்டுக் கொடுத்தாங்க. 5 சதவிகிதம்கூட முழுசா இல்லாத ஒரு மாற்றம். பிறகு அடுத்த தலைமுறை கார் 2400 சிசி எஞ்ஜினோட வந்தப்போ? மேனுவலுக்கு மறுபடி 4.1-க்கே திரும்பிட்டாங்க. எஞ்ஜினுக்கே பலம் வந்தாச்சு, அப்புறம் எதுக்கு ஷார்ட் கியர்?

மாஸ்டா எம்.எக்ஸ்-5 கதையும் இதேதான். 1989-ல 1600 சிசி எஞ்ஜினோட வந்தப்போ 4.3. பிறகு 1800 சிசி வந்ததும் 4.1.

இப்ப அமெரிக்கா பக்கம் போவோம். 1980-கள்ல வந்த ஃபோர்டு மஸ்டாங் 5.0. எட்டு சிலிண்டர், இழுவைக்குப் பஞ்சமே இல்லை. அதுல பல வண்டிகள்ல ஆக்ஸில் ரேஷியோ வெறும் 2.73. பெட்ரோலை மிச்சம் பிடிக்க கம்பெனி செஞ்ச ஏற்பாடு. அஞ்சாவது கியர் வேற 0.68. ரெண்டையும் பெருக்கினா 1.86 தான் வருது. ஹைவேயில எஞ்ஜின் கிட்டத்தட்ட தூங்கிட்டே வரும். அதனால அந்த ஊர்ப் பசங்க 3.73 வாங்கிப் போட்டாங்க. 37 சதவிகித மாற்றம்! அப்பவும் டாப் கியர்ல எஞ்ஜின் கத்தலை. ஏன்னா, மேல அவ்வளவு இடம் காலியா இருந்தது.

கவனிச்சீங்களா? ஒரு கார்ல 37 சதவிகிதம் தாங்கும். இன்னொரு கார்ல 5 சதவிகிதத்தையே கம்பெனி யோசிச்சு யோசிச்சுப் போடுது. ‘அவன் போட்டான், நானும் போடுறேன்’ங்கற வேலை இங்க செல்லாது.

45 கிலோமீட்டர் கணக்கு

பேப்பர், பேனா எடுங்க. நம்ம டீக்கடை 4.1-ஐயும் 4.56-ஐயும் ஒரு கற்பனை ஸ்போர்ட்ஸ் கார்ல மாட்டிப் பார்ப்போம். டயர் ஒரு சுத்துக்கு 2 மீட்டர் உருளுது. டாப் கியர் 0.8.

கடலூர்லேர்ந்து ஆலப்பாக்கம், புதுச்சத்திரம், பி.முட்லூர் வழியா சிதம்பரம் சுமார் 45 கி.மீ. சக்கரம் 22,500 சுத்து சுத்தணும். முழுக்க டாப் கியர்ல போனா, 4.1-ல எஞ்ஜின் 73,800 சுத்து. 4.56-ல 82,080 சுத்து. ஒரு ட்ரிப்புக்கு 8,280 சுத்து எக்ஸ்ட்ரா! அந்தச் சத்தத்தை உங்க காது கேட்டுக்கிட்டே வரணும். பெட்ரோல் காசையும் நீங்கதான் கொடுக்கணும்.

பதிலுக்கு என்ன கிடைச்சது? எல்லா கியர்லயும் சக்கரத்துக்குப் போற இழுவை 11 சதவிகிதம் ஜாஸ்தி. ‘சூப்பர், அப்போ 0 - 100 குறையுமே!’ங்கறீங்களா? அவசரப்படாதீங்க. ரெண்டாவது கியர் 2.0, எஞ்ஜின் ரெட்லைன் 7,000-னு வச்சுக்குவோம். 4.1-ல ரெண்டாவது கியர்லயே 102 கி.மீ. வரைக்கும் போகலாம். ஒரே ஒரு தடவை கியர் மாத்தினா 100 தொட்டாச்சு. 4.56-ல ரெண்டாவது கியர் 92-லயே முடிஞ்சுடும். அந்தக் கடைசி 8 கி.மீ-க்காக கிளட்ச் மிதிச்சு, மூணாவது போட்டு... அந்த நேரத்துக்கு சக்கரத்துக்கு இழுவையே இல்லை. 11 சதவிகிதத்துல சம்பாதிச்சதை ஒரு ஷிஃப்ட்ல தொலைச்சாச்சு!

முதல் கியர்ல வேற பிரச்னை. டயர் ரோட்டைப் பிடிக்கிறதுக்கு ஒரு எல்லை இருக்கு. ஏற்கெனவே அந்த எல்லையில இருக்கிற வண்டிக்கு 11 சதவிகிதம் கூடுதலா கொடுத்தா, டயர் நின்ன இடத்துலயே சுத்தும். புகை பார்க்க அழகா இருக்கும். வண்டி நகராது.

பைக் பார்ட்டிகளுக்கு...

உங்களுக்கும் இதேதான். முன்னாடி 15 பல், பின்னாடி 45 பல்னா ரேஷியோ 3. முன்னாடி ஒரே ஒரு பல்லைக் குறைச்சு 14 போட்டா 3.21. அதே எஃபெக்ட் வேணும்னா பின்னாடி மூணு பல் கூட்டி 48 போடணும் (3.2). முன்னாடி மாத்தறது சல்லிசு. ஆனா சின்ன ஸ்பிராக்கெட்ல செயின் இன்னும் குறுக்கா வளையணும். அதனால தேய்மானம் ஜாஸ்தி.

இன்னொரு ஆபத்து ஸ்பீடோ மீட்டர். முன் சக்கரத்துலேர்ந்து வேகத்தை எடுக்கிற வண்டின்னா தப்பிச்சீங்க. கியர் பாக்ஸ் பக்கத்துலேர்ந்து எடுக்கிற வண்டின்னா ரேஷியோ மாத்தின நிமிஷத்துலேர்ந்து மீட்டர் பொய் சொல்லும். 3-லேர்ந்து 3.2 ஆக்கினா, நிஜத்துல 75-ல போறப்போ மீட்டர் 80 காட்டும். டால் பக்கமா மாத்தினீங்கன்னா இன்னும் மோசம். மீட்டர் காட்டுறதைவிட நிஜ வேகம் அதிகமா இருக்கும்.

மாட்டுறது லேசான வேலை இல்லை

பைக்ல செயின் செட் மாத்த ஒரு மணி நேரம் போதும். கார் ஆக்ஸில் அப்படி இல்லை. கிரவுனும் பினியனும் கல்யாண ஜோடி மாதிரி. ஃபேக்டரியிலயே ஒண்ணோட ஒண்ணை உரசி, சேர்த்துதான் அனுப்புவாங்க. இதுலேர்ந்து கிரவுன், அதுலேர்ந்து பினியன்னு கலந்து போட்டா அழுதுடும். மாட்டும்போது பல்லுக்கும் பல்லுக்கும் நடுவுல இருக்கற இடைவெளியை ‘ஷிம்’ங்கற மெல்லிய தகடுகளை வச்சு சரி பண்ணணும். பல்லுல பெயின்ட் தடவி, சுத்தி விட்டு, பல் எந்த இடத்துல படுதுன்னு பார்க்கணும். நடுவுல பட்டா ஓகே. ஓரத்துல பட்டா, கொஞ்ச நாள்ல ‘உய்ய்ய்’னு ஊளை ஆரம்பிக்கும்.

பல் எண்ணிக்கையிலயும் ஒரு சூட்சுமம் உண்டு. மஸ்டாங்குக்குப் போடுற அந்த 3.73, 41/11-லேர்ந்து வர்றது. 41-க்கும் 11-க்கும் பொது வகு எண் கிடையாது. அதனால பினியனோட ஒவ்வொரு பல்லும் கிரவுனோட எல்லாப் பல்லையும் மாறி மாறித் தொடும். தேய்மானம் சமமா இருக்கும். 40/10-னு ஒரு செட் செஞ்சா, அதே பல் அதே நாலு பல்லையே காலம் முழுக்க இடிச்சுக்கிட்டு இருக்கும். ஏழாம் கிளாஸ்ல படிச்ச கணக்கு ஆக்ஸிலுக்குள்ள உட்கார்ந்திருக்கு பாருங்க!

சட்டத்தையும் ஒரு வார்த்தை. மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவுப்படி, ஆர்.சி. புக்ல இருக்கிற தயாரிப்பாளரோட மூல விவரத்துக்கு மாறா வண்டியை மாத்தக் கூடாது. 2019 ஜனவரியில உச்ச நீதிமன்றமும் இதை உறுதிப்படுத்தியிருக்கு. அதனால ரோட்டுல ஓடுற வண்டியில கை வைக்கிறதுக்கு முன்னாடி ஆர்.டி.ஓ. ஆபீஸ்லயும் இன்ஷூரன்ஸ்லயும் கேட்டுடுங்க. விபத்துன்னு ஒண்ணு நடந்த பிறகு ‘இதெல்லாம் சின்ன மாத்தம்தானே சார்’னு சொல்லிக்கிட்டு நிக்கக் கூடாது.

அப்போ ஆசை தீர ரேஷியோ மாத்திப் பார்க்க எங்கதான் போறது? ரேஸ் டிராக்குக்கு!

மாருதி எஞ்ஜின்ல ரேஸ் கார்

வசதி இல்லாம ரேஸ் கார் கட்ட முடியுமான்னு கேட்டா, கோவை எஸ்.கரிவர்தனைச் சொல்லணும். மாருதி 800 எஞ்ஜினை வச்சு ‘ஃபார்முலா மாருதி’ங்கற ஒத்தை சீட் ரேஸ் காரை உருவாக்கினவர். 2005-ல இந்தியாவோட முதல் ஃபார்முலா 1 டிரைவரான நரேன் கார்த்திகேயன், ஆரம்ப காலத்துல ஓட்டினது அந்த காரைத்தான். 1995-ல விமான விபத்துல கரிவர்தன் இறந்துட்டார். கோவை செட்டிபாளையத்துல இருக்கிற கரி மோட்டார் ஸ்பீட்வே அவர் பேர்லதான் இருக்கு. ‘ஃபார்முலா பாரத்’ங்கற மாணவர் போட்டியில, காலேஜ் பசங்க தாங்களே கட்டின கார்களை ஓட்டுறது அங்கேதான்.

இந்தப் போட்டிகளுக்கெல்லாம் தாத்தா, 1981-ல அமெரிக்காவோட டெக்ஸாஸ்ல ஆரம்பிச்ச ஃபார்முலா எஸ்.ஏ.இ. எஞ்ஜின் 710 சிசி-க்கு மேல கூடாது. காத்து உள்ள போற வழி 20 மில்லி மீட்டர்தான். பல டீம்கள் பைக் எஞ்ஜினை வச்சு, செயின் போட்டு பின் ஆக்ஸிலை ஓட்டுவாங்க. எஞ்ஜின்லயும் கியர் பாக்ஸ்லயும் கை வைக்க அவ்வளவா காசு இருக்காது. ஆனா பின் ஸ்பிராக்கெட் உங்க கையில. சில ஆயிரம் ரூபாய் சமாசாரம், கார் மொத்தமும் அதுக்குக் கட்டுப்படும்.

இங்கயும் கணக்கு போடுவோம். நம்ம ஊர்ல டீம்கள் அதிகம் பயன்படுத்துற கே.டி.எம். 390 டியூக் எஞ்ஜின். 9,500 ஆர்.பி.எம்-ல கியர் மாத்துறோம். டயர் ஒரு சுத்துக்கு 1.63 மீட்டர்.

கடைசி ரேஷியோ 3-னா: முதல் கியர் 44 கி.மீ. வரைக்கும், ரெண்டாவது 62, மூணாவது 82.

3.6-னா: முதல் கியர் 36, ரெண்டாவது 52, மூணாவது 68, நாலாவது 85.

75 மீட்டர் ஆக்ஸிலரேஷன் ஓட்டத்துல 80 கி.மீ. தொடணும்னா முதல் காருக்கு 2 ஷிஃப்ட், ரெண்டாவது காருக்கு 3 ஷிஃப்ட். 3.6-ல இழுவை 20 சதவிகிதம் ஜாஸ்திதான். அந்த மூணாவது ஷிஃப்ட் எவ்வளவு நேரத்தை விழுங்குதுன்னு ஸ்டாப் வாட்ச் வச்சுப் பார்த்தாத்தான் யார் ஜெயிப்பாங்கன்னு தெரியும்.

அடுத்து 22 கி.மீ. எண்டூரன்ஸ். சராசரி வேகம் 48 - 57 கி.மீ. இருக்கிற மாதிரிதான் விதியிலயே பாதையை அமைக்கச் சொல்றாங்க. 3-ங்கற ரேஷியோவுல இந்த வேகம் முழுக்க ரெண்டாவது கியருக்குள்ள அடங்கிடும். 3.6-ல 52-லயே கியர் முடியுது. வளைவு நடுவுல கியர் மாத்தணும், பின் சக்கரம் உதறும், கார் சுத்தும். வருஷம் முழுக்க தூங்காம கட்டின கார் ஒரு கோன்ல இடிச்சு நின்னா எப்படி இருக்கும்? ஹாஸ்டல் வரைக்கும் ஒருத்தரும் பேச மாட்டீங்க.

150 மார்க் கேள்வி

இப்ப மார்க் விஷயத்துக்கு வருவோம். ஃபார்முலா எஸ்.ஏ.இ. கணக்குல மொத்தம் 1,000 மார்க். ஆக்ஸிலரேஷனுக்கு 100. எண்டூரன்ஸுக்கு 275. எரிபொருள் சிக்கனத்துக்கு 100. டிசைனுக்கு 150!

டிசைன்னா பெயின்ட் அழகைப் பார்க்கிறது இல்லை. ஜட்ஜ் உங்க கார் பக்கத்துல வந்து நிப்பார். ஸ்பிராக்கெட்டைக் காட்டி, ‘‘ஏன் இந்த ரேஷியோ?’’னு கேட்பார். ‘‘போன வருஷம் சீனியர்ஸ் இதைத்தான் போட்டாங்க சார்...’’னு சொன்னீங்கன்னா முடிஞ்சது கதை. ‘‘75 மீட்டர்ல மூணு ஸ்பிராக்கெட் போட்டு ஓட்டினோம் சார், இதோ நேரம். வளைவுல ஷிஃப்ட் விழாம இருக்க இதைத் தேர்ந்தெடுத்தோம்’’னு ஒரு பேப்பரை நீட்டினீங்கன்னா, அவர் முகம் மாறும். 75 மீட்டர்ல அரை விநாடி தோத்திருந்தாலும் பரவாயில்லை, இங்க பிடிச்சுடலாம்.

அந்தப் பேப்பரைத் தயாரிக்க, ரேஷியோ தேடுறதுக்கு முன்னாடி இந்த அஞ்சுக்கும் பதில் எழுதுங்க.

1. வண்டி எங்க ஓடப் போகுது? மேடா, சமவெளியா, டிராக்கா?

2. அங்க அதிக நேரம் என்ன வேகத்துல இருக்கும்? (டாப் ஸ்பீடு எவ்வளவுன்னு கேட்கலை!)

3. அந்த வேகத்துல எஞ்ஜின் எத்தனை ஆர்.பி.எம்? அங்க அதுக்குப் பலம் இருக்கா?

4. புது ரேஷியோவுல கியர் எந்த வேகத்துல முடியுது? அந்த இடத்துல ஷிஃப்ட் பண்ண வசதி இருக்கா?

5. டயர் தாங்குமா?

இந்த அஞ்சுக்கும் பதில் எழுதினா, பாதிப் பேருக்கு ‘இருக்கிற ரேஷியோவே போதும்’னு விடை வரும். அதுவும் சரியான விடைதான். காசு மிச்சம்!

சரி, தெற்கு வீதிக்குத் திரும்புவோம். ‘கம்பெனிக்காரன் ஏன்டா அதையே போட்டுக் குடுக்கல?’ ஏன்னா, உங்க ரோடு எதுன்னு கம்பெனிக்குத் தெரியாது. கேப்பர் மலை ஏறுறவங்களுக்கும் சிதம்பரம் ரோட்டுல பறக்கிறவங்களுக்கும் சேர்த்து, நடுவுல ஒரு நம்பரைப் போட்டு அனுப்பியிருக்காங்க. உங்க ரோடு உங்களுக்குத்தான் தெரியும். ஸ்பேனரை அப்புறம் எடுக்கலாம், முதல்ல பேனாவை எடுங்க.

அடுத்த தடவை யாராவது ‘ரேஷியோ மாத்தினேன் மச்சி’ன்னு பீத்திக்கிட்டா, டீயை வச்சுட்டு ஒரே ஒரு கேள்வி கேளுங்க.

‘‘ஏன்?’’